ஹஸீபாவுக்குச் சொந்தமான பல்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஷாஃபியின் மேலுதட்டைப் பற்றி ஒரு தவறான அபிப்பிராயம் உண்டு. தாடி வளர்த்திருக்கிறார், மீசையை மட்டும் தினமும் காலையில் சுத்தமாக மழித்துவிடுகிறார். ஆகவே மனிதர் பெரிய மார்க்கப் பற்றுள்ளவர் என்று பள்ளிவாசலில் நாலு பேர் ஒதுங்கி இடம் விடுகிறார்கள். ஷாஃபி அதை மறுத்ததில்லை. சும்மா கிடைக்கிற மரியாதையை யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் அந்த மீசை போனது மார்க்கத்துக்காக அல்ல, மனைவிக்காக.

அவர் மனைவி ஹஸீபாவுக்குக் காது கேட்காது. பிறவியில் அப்படி இல்லை. கம்பத்திலிருந்து கல்யாணமாகி வந்தபோது, அடுத்த தெருவில் மீன்காரர் சைக்கிள் மணி அடித்தால் இங்கே சட்டியைக் கழுவி வைத்துவிடுகிறவள்தான். மகள் ஃபௌசியா தொட்டிலில் கிடந்த காலத்தில் ஒரு மூளைக்காய்ச்சல் வந்தது. உயிரை விட்டுவைத்துக் காதை எடுத்துக்கொண்டு போனது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து தொட்டிலருகே நின்றவளுக்குக் குழந்தை வாயைத் திறந்து திறந்து மூடுவது மட்டும் தெரிந்தது. அழுகிறது என்று ஷாஃபி சைகை காட்டித்தான் சொன்னார்.

எழுதிக் காட்டிப் பேசியிருக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். அங்கேதான் இந்தக் குடும்பத்தின் வில்லங்கம் இருக்கிறது. ஷாஃபி கொச்சியிலேயே பிறந்து வளர்ந்த ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். தமிழில் தன் பெயரை எழுதச் சொன்னால்கூட முழிப்பார். ஹஸீபா கம்பத்தில் எட்டாம் வகுப்பு வரை தமிழ் படித்தவள். மலையாள எழுத்தைப் பார்த்தால் அவளுக்குத் தலை சுற்றும். பேசுவது ஒரே மொழி, எழுதுவது ஆளுக்கொன்று. இப்படி ஒரு ஜோடியைத் தேடிப்பிடித்துச் சேர்த்துவைத்த பெரியவர்களை என்ன சொல்வது! ஆக, மிஞ்சியது ஷாஃபியின் வாய்.

அந்த மழைக்காலம் முழுவதும் வேலைவிட்டு வந்ததும் ஜன்னலுக்கு எதிரே வெளிச்சத்தில் உட்கார்ந்துகொள்வார். ஒன்றைச் சொல்வார். அவள் உதட்டையே பார்ப்பாள். புரியாவிட்டால் இன்னொரு தடவை சொல்வார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை; அவளாகவே ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தாள். 'த' சொல்லும்போது நாக்கு நுனி மேல்பல்லை வந்து தொடும். மகளை 'ஃபௌசியா' என்று கூப்பிடும்போது மேல்பல் கீழுதட்டை மெல்லக் கடிக்கும். மற்றவை உதடு குவிவதிலும் விரிவதிலும் தெரியும். அடர்ந்த மீசை உதட்டில் விழுந்துதான் பாதியைக் குழப்பியது. ஒருநாள் காலையில் மீசை இல்லாமல் வந்து எதிரே நின்றார்.

"இப்பத் தெரியுதா?" என்று கேட்டார்.

தெரிந்தது. ஹஸீபா அழுதாள். மீசை அவருக்கு அத்தனை எடுப்பாக இருந்தது.

அதற்குப் பிறகு துபாய்க்கு ஒரு விசா வந்தது. மட்டாஞ்சேரியில் விசா வந்து போகாத ஆள் உண்டா? ஷாஃபி போகவில்லை. அங்கே வெயில் அதிகம் என்றார், சம்பளம் பிரமாதமில்லை என்றார். அந்தக் காலத்தில் ஊருக்குப் பேச வேண்டுமென்றால் காதில் வைக்கிற போன்தான், முகம் பார்க்கிற போன் வந்திருக்கவில்லை. காரணம் அதுதான் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பேசிக்கொண்டதே இல்லை. ஆனால் அன்று ஹஸீபா மனதுக்குள் ஒரு முடிவு எடுத்தாள்: இந்த மனுஷனிடம் இனி நமக்காக என்று எதையும் கேட்பதில்லை.

கேட்காமலே வருஷங்கள் நன்றாக ஓடின. ஃபௌசியா வளர்ந்து, கல்யாணமாகி இடக்கொச்சிக்குப் போனாள். ஹஸீபா வீட்டில் அரிசிமாவுப் பத்திரி தட்டி இரண்டு சாயாக்கடைகளுக்குக் கொடுக்கிறாள். மாவு பதத்தில் அவளை அசைக்க ஆளில்லை. ஆனால் குரல் எவ்வளவு உயருகிறது என்று அவளுக்கே தெரியாததால், அவள் பத்திரிக்கு மாவு பிசைகிற செய்தி முழுத் தெருவுக்கும் தெரியும். கொரோனா காலத்தில் ஊரே வாயை மூடிக்கொண்டு திரிந்தபோது அவளுக்கு இரண்டாம் தடவையாகக் காது போயிற்று. அப்போதும் வீட்டுப் படியேறியதும் ஷாஃபி முதலில் கழற்றுவது முகமூடியைத்தான், செருப்பு அப்புறம்.

அப்படிப்பட்ட மனிதர் போன மாசிக்கு மேல் வாயைப் பொத்திக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

முதலில் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. துண்டால் முகம் துடைத்துக்கொண்டே ஏதோ சொன்னார், "என்ன மச்சான்?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டுப் போனார். மறுநாள் சாப்பிடும்போது உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டார். பிறகு அதுவே பழக்கமாயிற்று. பேச்சைக் குறைத்தார். பேசினாலும் சுவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். ஒருநாள் மாலை மகளோடு போனில் பேசும்போது முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே ஹஸீபா ஒரு கரண்டி எண்ணெயைக் கீழே கொட்டினாள்.

மனிதர்கள் எதை மறைப்பார்கள்? அவள் எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்தாள். கடன் கிடன் என்று எதுவும் இல்லை. வேறு பெண் என்று நினைத்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. கிடங்கில் சுக்கு மூட்டைக்கு நடுவில் வேலை பார்க்கிறவரிடம் எந்தப் பெண் வந்து மயங்கப் போகிறாள்? கடைசியில் மிஞ்சியது ஒன்றுதான். அதை நினைத்ததும் சிரிப்பு நின்றுபோயிற்று.

சில நாள் ஷாஃபி வேலைவிட்டு வந்து, "மூட்டை தச்சுத் தச்சு மடுத்துப் போச்சு" என்பார். சலித்துப்போயிற்று என்பதற்குக் கொச்சிக்காரர்கள் சொல்வது அது. அந்த மடுப்பு தன்மேலும் வந்துவிட்டது என்று ஹஸீபா முடிவுகட்டினாள். ஒவ்வொரு பேச்சையும் இரண்டு தடவை, மூன்று தடவை. சாப்பாடு ஆச்சா என்பது முதல் சம்பந்தி வீட்டுச் செய்தி வரை. எத்தனை வருஷம்தான் ஒருவர் சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பார்? கல்லுக்கும் சலிக்குமே. அவரைக் குற்றம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "என்ன மச்சான்?" என்று கேட்பதை நிறுத்திக்கொண்டாள். வீடு நிஜமாகவே நிசப்தமாயிற்று. காது போன நாளில்கூட அவளுக்கு இவ்வளவு தனிமை தெரிந்ததில்லை.

உண்மையில் நடந்தது வேறு. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மறைத்துவைத்துப் பாடாய்ப் படுத்துகிற வேலையை ஷாஃபி ஏற்கெனவே போதுமான அளவு செய்துவிட்டார்.

அவருக்குக் கிடங்கில் மூட்டை தைக்கிற வேலை. சுக்கு, மிளகு, கிராம்பு எல்லாம் சாக்கில் நிரம்பியதும் கோணி ஊசியில் சணலைக் கோத்து வாயைத் தைக்க வேண்டும். தைத்து முடித்ததும் சணலை அறுக்கக் கத்தி கொடுத்திருக்கிறார்கள். கத்தி இரண்டடி தள்ளிக் கிடக்கும். பல் வாயிலேயே இருக்கிறது. ஆகவே அங்கே எல்லாரும் பல்லால்தான் கடித்து அறுப்பார்கள். ஷாஃபியின் முன்பல் ஒன்றில் சணல் அறுத்தே ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருந்தது. அந்தப் பல் ஒருநாள் நுனி தெறித்தது. வலித்தது. சுற்றிலும் மூட்டை மூட்டையாகக் கிராம்பு இருக்கும்போது எவன் டாக்டரிடம் போவான்? ஒரு கிராம்பைக் கடித்துப் பல்லிடுக்கில் ஒதுக்கிக்கொண்டார். வலி மரத்தது. மறுநாள் இன்னொன்று. இப்படியே மாதக்கணக்கில் போயிற்று. கிராம்பு வாசனையை ஹஸீபா கவனிக்காமல் இல்லை; கிடங்கில் வேலை செய்கிறவர் மேல் கிராம்பு மணக்காமல் வேறென்ன மணக்கும் என்று இருந்துவிட்டாள். பல் உள்ளுக்குள்ளே செத்து, மெல்ல மெல்லக் கறுத்தது.

கறுத்த பல்லைக் கண்ணாடியில் பார்த்த அன்றுதான் அவர் வாயைப் பொத்த ஆரம்பித்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தலையிலிருந்து தாடை வரை துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு எழுந்து வந்தார். ஹஸீபா மாவுக் கையோடு அந்தத் துண்டைப் பிடித்து இழுத்தாள். மேலுதடு பணியாரம்போல் வீங்கியிருந்தது. அவர் கையைத் தட்டிவிட்டு உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். கறுத்து, நுனி உடைந்த பல்.

"இதையா மறைச்சீங்க? இதுக்கா?"

வீங்கின உதட்டால் அவர் சொன்னதை மூன்றாவது தடவையில்தான் பிடிக்க முடிந்தது. "பாக்க அசிங்கமா இருக்கு. நீ வேற எப்பவும் இங்கதானே பாத்துட்டு இருக்கே."

ஹஸீபாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மாவு அப்பின கையாலேயே அவர் முதுகில் இரண்டு போடு போட்டாள். தன்னை வெறுக்கவில்லை, பல்தான் கெட்டுப்போயிருக்கிறது! அல்லாஹ்வுக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் அவரைத் திட்ட ஆரம்பித்தாள். அந்தத் திட்டு படகு ஜெட்டி வரை கேட்டதாகப் பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.

கப்பலண்டிமுக்கில் மாடியில் ஒரு பல் ஆஸ்பத்திரி இருக்கிறது. டாக்டர் மதுவந்தி, பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பெண். எக்ஸ்ரே எடுத்தார், முகமூடிக்குள்ளிருந்து என்னவோ சொன்னார். ஷாஃபி வீங்கின உதட்டோடு மனைவியைப் பார்த்தார். டாக்டர் வாய் மூடியிருக்கிறது, கணவர் வாய் வீங்கியிருக்கிறது. ஹஸீபா இருவரையும் மாறி மாறிப் பார்த்துப் பொறுமை இழந்தாள்.

"டாக்டர், அந்த முகமூடியைக் கொஞ்சம் இறக்குங்க. எனக்குக் காது கேக்காது. வாயைப் பாத்தாத்தான் புரியும்."

டாக்டர் உடனே பின்னால் நகர்ந்து, ஜன்னல் வெளிச்சத்தில் நின்று, முகமூடியை இறக்கினார். சின்ன வாய், வேகமான வாய். ஆனாலும் தமிழ் வாய். ஹஸீபா பாதிக்கு மேல் பிடித்துவிட்டாள்.

"இத்தா, கிராம்பு வலியை மறைக்குமே தவிர நோயைத் தீர்க்காது. உள்ள கெட்டுப்போச்சுன்னு பல்லு சொல்ல வந்தது, இவர் அதைச் சொல்ல விடாம அடக்கி வச்சுட்டார். உள்ள இருக்கற நரம்பு செத்துப்போச்சு. ஆனா வேர் கெட்டியா இருக்கு, விரிசல் வேருக்குப் போகல. முதல்ல வீக்கம் வடிய மாத்திரை தரேன். அப்பறம் செத்த நரம்பை எடுத்து, வேருக்குள்ள கழுவிச் சுத்தம் பண்ணி, மருந்து வச்சு அடைச்சு, மேல ஒரு உறை போட்டுட்டா இந்தப் பல்லையே வச்சுண்டு இருக்கலாம். நாலஞ்சு தடவை வரணும்."

"பிடுங்கினா?" என்று ஷாஃபி கேட்டது டாக்டரின் பதிலிலிருந்துதான் அவளுக்குத் தெரிந்தது.

"பிடுங்கினா ஒரே நாள்ல முடிஞ்சுடும். வேணும்னா அப்பறம் செயற்கைப் பல்லு வச்சுக்கலாம். ஆனா ஒண்ணு, எவ்வளவு அழகாப் பண்ணினாலும் வச்ச பல்லு வச்ச பல்லுதான். காப்பாத்த முடியற பல்லை நான் பிடுங்க மாட்டேன்னு அடம் பிடிக்க முடியாது. உங்க பல்லு, உங்க இஷ்டம்."

ஷாஃபி விரலால் பிடுங்குகிற மாதிரி செய்துகாட்டினார். கிடங்கில் பல்வலி என்றால் பிடுங்குவதுதான் வழக்கம். அங்கே பாதிப் பேருக்கு வாயில் ஜன்னல் இருக்கிறது, யாரும் செத்துவிடவில்லை. இந்த வயதில் தன் வாயை யார் பார்க்கப் போகிறார்கள் என்பது அவர் கட்சி.

யார் பார்க்கப் போகிறார்களா! ஹஸீபாவின் தொண்டை வரை வந்தது. மேல்பல்லில் நாக்கு வந்து தொடும் இடம் அதுதான். கீழுதட்டைக் கடிக்கும் பல் அதுதான். அது போய், உதடு உள்ளே விழுந்து, அங்கே ஓர் ஓட்டை வந்தால் அவள் எதைப் பார்த்துப் படிப்பாள்? ஆனால் மீசை ஞாபகம் வந்தது. துபாய் ஞாபகம் வந்தது. இவ்வளவு கொடுத்த மனுஷனிடம், நாலைந்து நாள் வேலையை விட்டுவிட்டு எனக்காக இந்த நாற்காலியில் வந்து படுங்கள் என்று எப்படிக் கேட்பது? வாயை மூடிக்கொண்டாள்.

மாத்திரையில் வீக்கம் வடிந்தது. ஷாஃபி இப்போது பொத்தாமல் பேசினார். ஆனால் பல்லின் நுனி இல்லாததால் சில சொற்கள் நழுவின. அவள் ஊகித்துச் சமாளித்தாள். புது வாயைப் படித்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே தைரியம் சொன்னாள். முதல் தடவை படித்தபோது வயசு இருந்தது, கண் கூர்மையாக இருந்தது. இப்போது அரிசியில் கல் பொறுக்கவே கண்ணாடி வேண்டியிருக்கிறது. பத்திரி தட்டும்போதெல்லாம் அவளுக்கு இதே நினைப்புதான். அந்த வாரம் சாயாக்கடைக்காரர்கள் பத்திரி வட்டமாக இல்லை என்று சொல்லியனுப்பினார்கள்.

பிடுங்குகிற நாள் வந்தது. டாக்டர் மேலீறில் ஊசி போட்டு, "மரக்கட்டும், வந்துடறேன்" என்று அடுத்த அறைக்குப் போனார். ஹஸீபா நாற்காலிப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். சற்று நேரத்தில் ஷாஃபி அவளைப் பார்த்து ஏதோ சொன்னார்.

புரியவில்லை.

"என்ன மச்சான்?"

மறுபடி சொன்னார். மேலுதட்டின் ஒரு பக்கம் அசையவே இல்லை. மறுபக்கம் மட்டும் எதையோ இழுத்துக்கொண்டு போனது. அவள் குனிந்து, முகத்துக்கு நேரே முகம் வைத்துப் பார்த்தாள். இத்தனை வருஷம் பார்த்த வாய். அதில் ஒரு சொல்கூட இல்லை.

"தெரியல மச்சான். இன்னொரு தடவை."

அவர் சொன்னார். "தெரியல." இன்னும் நிதானமாக, விரித்துச் சொன்னார். "தெரியல, தெரியலயே!" அவள் கை அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டது. ஐந்தாவது தடவை அவர் சொல்லவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டிலருகே நின்ற அன்றைய முகத்தை மறுபடி பார்த்தேன் என்று பின்னால் அவர் சொன்னார். அவர் அன்று சொல்ல வந்தது, "நீ வெளியே போய் ஒரு சாயா குடி" என்பதுதான்.

ஹஸீபா தான் எடுத்திருந்த முடிவை அந்த இடத்தில் உடைத்தாள்.

"பிடுங்காதீங்க மச்சான். நான் உங்ககிட்ட இனி எதையும் கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். இதை மட்டும் கேக்கிறேன். அது உங்க பல்லு இல்ல. என் பல்லு. அதை எனக்கு வச்சிடுங்க."

அவள் மெதுவாகத்தான் சொன்னதாக நினைத்தாள். வெளியே காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் அடுத்த அறையிலிருந்து ஓடிவந்தார். ஷாஃபி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, டாக்டரிடம் விரலை இடமும் வலமும் ஆட்டினார். பிறகு மனைவியைச் சுட்டிக்காட்டினார். அவள் சொல்வதுதான், அவளிடமே கேளுங்கள் என்று அர்த்தம்.

டாக்டர் மதுவந்தி முகமூடியை இறக்கினார். கண் கொஞ்சம் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது. "போட்ட ஊசி வீணாகாது இத்தா. பிடுங்கறதுக்கும் இந்த ஊசிதான், காப்பாத்தறதுக்கும் இந்த ஊசிதான். இன்னிக்கே ஆரம்பிச்சுடலாம்."

முடிந்து வெளியே வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. மரப்பு போக இன்னும் நேரமாகும், அதுவரை சூடாக எதுவும் குடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இருவரும் ஜெட்டிப் பக்கம் போய் உட்கார்ந்தார்கள். ஹஸீபா ஒரு சாயா வாங்கிக் குடித்தாள். ஷாஃபி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக அவர் பேசுவார், அவள் பார்ப்பாள். இன்று அவரால் பேசிப் பயனில்லை. ஆகவே அவள் பேசினாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். வாயைப் பொத்திக்கொண்டு பேசிய நாட்களைச் சொன்னாள். போனில் முதுகைத் திருப்பிக்கொண்டதைச் சொன்னாள். "ஒவ்வொண்ணையும் ரெண்டு ரெண்டு தடவை சொல்லிச் சொல்லி உங்களுக்கு என்கிட்ட மடுத்துப் போச்சுன்னு நினைச்சேன்" என்றாள். ஷாஃபி திடுக்கிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். "சும்மா இருங்க, ஒண்ணும் தெரியாது" என்று தடுத்துவிட்டாள். மீசையைப் பற்றிச் சொன்னாள், அது எவ்வளவு எடுப்பாக இருந்தது என்பது வரை. துபாயைப் பற்றியும் முதல் தடவையாகச் சொன்னாள். பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஆள் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு, மரியாதையாகத் தள்ளிப் போய் உட்கார்ந்தார். ஷாஃபி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அந்தக் கை வீடு வரும் வரை விடுபடவில்லை. பஜார் ரோட்டில் அது சாதாரண விஷயமில்லை.

மாலையில் மரப்பு போயிற்று. ஆனால் அதற்குள் இடக்கொச்சியிலிருந்து ஃபௌசியா கணவனோடும் குழந்தைகளோடும் அத்தாவைப் பார்க்க வந்துவிட்டாள். அன்றைக்கு ஷாஃபியால் பதில் சொல்ல முடியவில்லை. மறுநாள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெரிய விஷயத்தைச் சொல்ல வேண்டுமென்றால் இந்த ஆண்களுக்கு நாக்கு எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ தெரியாது. அதுவும் ஷாஃபி மாதிரி, தன் பேச்சையெல்லாம் கவனித்துப் பார்க்க ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்த ஆணுக்கு. ஹஸீபாவும் கேட்கவில்லை. பல் மிஞ்சியதே போதும் என்று இருந்தாள். சின்னக் கத்தரிக்கோல் ஒன்றை வாங்கி, கயிறு கோத்து, அவர் இடுப்பில் கட்டிவிட்டாள். இனி சணல் பல்லில் பட்டதாகத் தெரிந்தால் கிடங்குக்கே வந்துவிடுவேன் என்றாள். அவள் குரலை அறிந்தவர்கள் அங்கே நிறையப் பேர். ஷாஃபி ஒழுங்காகக் கத்தரிக்கோலால் வெட்டுகிறார்.

அவர் விடுப்புப் போட்டு ஒவ்வொரு தடவையும் போய் நாற்காலியில் படுத்தார். வேர் சுத்தமாகி, அடைப்பும் முடிந்தது. கடைசியாக உறை வந்தது. பக்கத்துப் பல்லின் நிறத்திலேயே செய்திருந்தார்கள்.

"இன்னும் ஒட்டல, சும்மா வச்சுப் பாக்கறேன்" என்றார் டாக்டர். "முன்பல்லு நீளம் சரியான்னு நாங்க பேச வச்சுத்தான் பாப்போம். இன்னிக்கு என்னைவிட நல்லாப் பாக்கறவா இருக்கா. இத்தா, நீங்க முன்னால வந்து நில்லுங்கோ. இக்கா, பொண்ணு பேரைச் சொல்லுங்கோ."

"ஃபௌசியா" என்றார் ஷாஃபி.

ஹஸீபா மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டாள். "பல்லு உதட்டுல ரொம்ப அழுந்துது டாக்டர். பழைய மாதிரி இல்ல."

டாக்டர் உறையை எடுத்து, நுனியைக் கொஞ்சம் தேய்த்து, மறுபடி வைத்தார். "ஃபௌசியா." இன்னும் கொஞ்சம். மறுபடி, "ஃபௌசியா." ஹஸீபா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பல் கீழுதட்டை மெல்லத் தொட்டுவிட்டு விலகியது. தொட்டிலில் கிடந்த மகளைக் கூப்பிட்ட அதே பெயர், அதே வாய்.

"இதான்" என்றாள். "இதேதான்."

"அப்போ ஒட்டிடலாம். ஒட்டினா அப்பறம் மாத்த முடியாது, அதனால கடைசியா ஒரு தடவை, ஏதாவது நாலு வார்த்தை பேசிக் காட்டுங்கோ இக்கா."

ஷாஃபி டாக்டரைப் பார்த்தார். பக்கத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற நர்ஸைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். உதடுகள் அசைந்தன.

"சத்தமே வரலையே" என்றார் டாக்டர், காதைக் கிட்டே கொண்டுபோய்.

சத்தம் தேவைப்படாதவளுக்கு அது தெளிவாக வந்து சேர்ந்தது. ஜெட்டியில் அவள் சொன்னதற்கு, இத்தனை நாள் கழித்துப் பதில். "எனக்கு மடுக்கல்ல, ஹஸீபா. எத்தனை தடவை சொன்னாலும் மடுக்காது."

ஒரு எழுத்துகூட நழுவவில்லை. முதல் தடவையிலேயே எல்லாம் புரிந்துவிட்டது. ஹஸீபா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"புரியல மச்சான்" என்றாள். "இன்னொரு தடவை சொல்லுங்க."